கடல் கடந்து வந்த கதைப் புத்தகங்கள்

பாடப் புத்தகத்தின் நடுவே கதைப் புத்தகத்தை ஒளித்து வைத்து வாசித்து அகப்பட்டுக்கொண்டவர்கள் நம் முதியோரிலே பலர் உளர். தந்தையார் காதைத் திருகியிருப்பார். ஆசிரியர் பிரம்பை எடுத்திருப்பார். "கதை வாசிப்பது படிப்பாகுமா?" என்பதே அவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி. ஆகும் என்று துணிந்து விடை கூற அன்று எவருக்கும் வாய் வரவில்லை.

அவ்விடையைப் பரீட்சைத் தாளிலே எழுதிக் காட்டியவர்கள் பசுபிக் சமுத்திரத்துத் தீவுகளிலே கற்ற சின்னஞ்சிறுவர்கள். அதற்கு வழி செய்து கொடுத்த ஆசிரியர்கள் ஒரு நாட்டினர் அல்லர். நியூசிலாந்திலும் நியுவேயிலும் பீஜியிலும் சிங்கப்பூரிலும் அவர்கள் வாழ்ந்தனர். ஒருவர் தம் வகுப்பிலே செய்து பார்த்ததை மற்றவர் கேட்டறிந்தனர். கேட்டதைத் தம் நாட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டனர். அந்தச் சங்கிலியின் கண்ணியொன்று நம் இலங்கையிலும் வந்து கோத்துக்கொண்டது என்பதை நம்மவர் பலர் அறியார்.

மடியிலிருந்து வகுப்புக்கு

கதை நியூசிலாந்தின் ஓக்லாந்து நகரிலே தொடங்குகின்றது. 1960 களில் நாட்டுப்புறங்களிலிருந்து மயோரி மக்களும், சமோவா, தொங்கா முதலிய தீவுகளிலிருந்து பிற மக்களும் தொழில் தேடி அந்நகரில் வந்து குடியேறினர். அவர்களுடைய பிள்ளைகள் நகரப் பாடசாலைகளிலே சேர்ந்தனர். வீட்டு மொழி ஒன்று. பாடசாலை மொழி வேறொன்று. வழக்கமான வாசிப்புப் பாடம் அப்பிள்ளைகளுக்குப் புரியாத ஓசைகளின் கோவையாகவே இருந்தது.

டொன் ஹோல்டவே என்னும் கல்வியாளரும் அவருடன் உழைத்த ஆசிரியர்களும் இதனை வேறொரு பக்கத்திலிருந்து நோக்கினர். பாடசாலைக்கு வரும்போதே வாசிப்பிலே நாட்டமுடன் வருகின்ற பிள்ளைகள் அதனை எங்கே பெற்றனர்? உறங்கும் முன் தாயின் மடியிலே பெற்றனர். தாய் கதைப் புத்தகத்தை விரித்து வாசிக்கிறாள். பிள்ளை படத்தைப் பார்க்கின்றது, எழுத்தையும் பார்க்கின்றது. பிடித்த கதையை மீண்டும் மீண்டும் வாசிக்கும்படி கேட்கின்றது. பத்தாவது முறை தாய் ஒரு சொல்லைத் தவறவிட்டால், "அப்படியில்லை அம்மா" என்று திருத்துகின்றது! இதில் அடியுமில்லை, புள்ளியுமில்லை. ஆயினும் வாசிப்புக்கு வேண்டிய அத்திவாரம் முழுவதும் இங்கே இடப்பட்டுவிடுகின்றது.

ஒரு மடியிலே ஒரு பிள்ளை அமரலாம். நாற்பது பிள்ளைகள் அமர்வதெப்படி? சிறிய புத்தகத்தை ஆசிரியை உயர்த்திப் பிடித்தால் பின்வரிசைக்கு எழுத்துத் தெரியாது. ஆகவே அவ்வாசிரியர்கள் பெரிய பழுப்புக் கடதாசிகளை எடுத்து, கதையைப் பெரிய எழுத்திலே தம் கையாலேயே எழுதி, படமும் வரைந்து, வகுப்பு முழுவதும் காணத்தக்க பெரும் புத்தகங்களை ஆக்கினர். ஆசிரியை ஒரு கோலினாற் சொற்களைச் சுட்டிக்கொண்டே உரத்து வாசிப்பார். முதல் நாள் பிள்ளைகள் கேட்பர். மறுநாள் தெரிந்த இடங்களிற் சேர்ந்து சொல்வர். மூன்றாம் நாள் அவர்களே வாசிப்பர். பின்பு கதையை நடித்துப் பார்ப்பதும், படம் வரைவதும், முடிவை மாற்றி எழுதுவதுமாக அந்தக் கதை வகுப்பின் சொத்தாகிவிடும். "பகிர்ந்து வாசித்தல்" என்று இம்முறைக்குப் பெயர் வழங்கலாயிற்று. 1979 இல் ஹோல்டவே இதனை விளக்கி ஒரு நூல் எழுதினார். ஆனால் நூல் வருமுன்பே அவர் முறை கடல் கடந்துவிட்டது.

கடந்து சென்ற இடம் நியுவே. வரைபடத்திலே கூர்ந்து தேடினாலன்றிக் கண்ணிற் படாத பவளப் பாறைத் தீவு அது. அங்கு வாழ்வோர் சில ஆயிரவரே. தென் பசுபிக் தீவுகளெங்கும் அக்காலத்தில் ஆங்கிலம் கற்பிக்க ஒரே வகையான பாடத்திட்டம் வழக்கிலிருந்தது. வாக்கிய அமைப்புகளை ஒழுங்காக வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் வாயாற் பலமுறை சொல்லவைத்துப் பழக்குவது அதன் முறை. "இது ஒரு புத்தகம், அது ஒரு மேசை" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலிற் சொல்லும். பீற்றர் டி ஆத் என்னும் ஆசிரியர் 1970 களின் இறுதியிலே இதற்கு மாற்றாக, அத்தீவுப் பிள்ளைகளுக்கென்றே நாற்பத்தெட்டுக் கதைகளை ஆக்கி, மூன்றாம் வகுப்பிலே பகிர்ந்து வாசிக்கச் செய்தார். அத்திட்டத்துக்கு இட்ட பெயர் "பியாபியா". நியுவே மொழியிலே அதற்கு மகிழ்ச்சி என்று பொருள். பாடத்திட்டமொன்றுக்கு மகிழ்ச்சி என்று பெயரிடத் துணிந்த கல்விமான்கள் உலகிலே எத்தனை பேர் இருப்பர்?

பிள்ளைகள் பழைய முறையிற் கற்ற முன்னைய வகுப்பினரை விஞ்சினர். ஆனால் ஒரு சிறு தீவு; ஒரே ஆண்டு; ஆர்வம் மிக்க ஓர் ஆசிரியர். இதனை வைத்துப் பெரிய முடிவு எதற்கும் வரலாமா என்று அறிஞர் ஐயுற்றனர். ஐயம் நியாயமானதே.

புத்தக வெள்ளம்

அவ்வையத்தைத் தீர்க்கும் களமாகப் பீஜி அமைந்தது. பீஜியைப் பற்றி நாம் தனியாக ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 1879 முதல் 1916 வரை கரும்புத் தோட்டங்களுக்கென்று ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர் கொண்டுசெல்லப்பட்ட நாடு அது. 1903 முதல் சென்னைத் துறைமுகத்தின் வழியாகத் தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் அங்கே சென்றனர். கரும்பும் தேயிலையும் வேறாயினும் கண்ணீர் ஒன்றே என்பதை நம் மலைநாட்டு மக்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. பீஜியிலே முதல் மூன்று வகுப்புகளில் பிள்ளைகள் தாய்மொழியிற் கற்று, நான்காம் வகுப்பிலே ஆங்கிலத்துக்கு மாறுவது அக்கால ஏற்பாடு. அந்த மாற்றத்திலேதான் பெரும்பாலோர் தடுக்கி விழுந்தனர். கிராமத்து வீடுகளிலே ஆங்கில நூல் இல்லை. பாடசாலையிலும் பாட நூலுக்கு அப்பால் ஏதுமில்லை.

நியூசிலாந்து நாட்டுக் கல்வி ஆராய்ச்சியாளர் வாரிக் எல்லி என்பவரும், பீஜியிலே அவருடன் உழைத்த பிரான்சிஸ் மங்குபாய் என்பவரும் 1980 இல் ஒரு சோதனையைத் தொடங்கினர். எட்டுக் கிராமப் பாடசாலைகளின் நான்காம் ஐந்தாம் வகுப்புகளுக்கு, வகுப்பு ஒன்றுக்கு 250 கதைப் புத்தகங்கள் வீதம் வழங்கினர். வெறுமையாயிருந்த அறைகளிலே திடீரென்று நூல்கள் நிறைந்தமையால் இதற்குப் "புத்தக வெள்ளம்" என்றே பெயர் வந்தது. நான்கு பாடசாலைகளில் ஆசிரியர் பகிர்ந்து வாசிக்கும் முறையைக் கைக்கொண்டனர். மற்ற நான்கிலே நாள்தோறும் குறித்த நேரத்திற்குப் பிள்ளைகள் தாம் விரும்பிய நூலை மௌனமாக வாசித்தனர். இவ்வெட்டுப் பாடசாலைகளின் 380 மாணாக்கரையும், வேறு நான்கு பாடசாலைகளிலே பழைய முறைப்படி கற்ற 234 மாணாக்கரையும் ஒப்பிட்டுப் பார்ப்பதென ஏற்பாடு.

நாளுக்கு இருபது முப்பது நிமிடம் கதையிலே செலவாகிறதே, பாடம் என்னாவது என்று பெற்றோருக்குக் கவலை தோன்றுவது இயல்பு. நம் நாட்டிலே ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளையை ஆயத்தம் செய்யும் தாய்மார் இக்கவலையை உடனே உணர்வர். அவர்களுக்காகவே விளைவைச் சற்று விரித்துக் கூறுகின்றேன்.

முதலாண்டின் முடிவிலே, வாசித்து விளங்கிக்கொள்ளும் ஆற்றலிலும் கேட்டு விளங்கிக்கொள்ளும் ஆற்றலிலும் புத்தக வெள்ளப் பிள்ளைகள் மற்றவர்களைப் போல் இரு மடங்கு வேகத்தில் முன்னேறியிருந்தனர். இரண்டாம் ஆண்டின் முடிவில் அந்த இடைவெளி இன்னும் அகன்றது. அதிசயம் அவ்வளவோடு நிற்கவில்லை. எழுத்து வேலையிலும், எவரும் தனியாகப் புகட்டாத இலக்கண அமைப்புகளிலுங்கூட அவர்கள் முன்னேறினர். வாக்கிய அமைப்புகளை நாள்தோறும் பயின்றவர்களைக் கதை வாசித்தவர்கள் அவ்வமைப்புகளிலேயே மிஞ்சினர் என்றால், இதனை எவ்வாறு விளக்குவது? பயிற்சியிலே ஒரு வாக்கியம் பத்து முறை வருகின்றது. ஆனால் அதன் பின்னே ஓர் ஓநாயோ, ஓடிப்போன ஆட்டுக்குட்டியோ இல்லை. கதையிலோ அடுத்து என்ன நிகழும் என்னும் ஆவல் பிள்ளையை இழுத்துச் செல்கின்றது. அந்த ஆவலின் முதுகிலே ஏறிக்கொண்டு இலக்கணமும் வந்து சேர்கின்றது.

இரண்டாம் ஆண்டின் முடிவிலே பகிர்ந்து வாசித்தவர்களுக்கும் மௌனமாக வாசித்தவர்களுக்கும் இடையே பெரிய வேற்றுமை காணப்படவில்லை. 1983 இல் இவ்வாராய்ச்சி சர்வதேச வாசிப்பு ஆராய்ச்சி ஏடொன்றில் வெளிவந்தபோது உலகத்துக் கல்வியாளர் பலரின் கண்கள் அச்சிறு தீவின்மேற் பதிந்தன.

பத்து நிமிட மௌனம்

மௌன வாசிப்பின் வழி வேறு. ஐக்கிய அமெரிக்காவின் வேர்மொண்ட் பல்கலைக்கழகத்து லைமன் ஹண்ட் என்பவர் 1960 களில் இதனை வற்புறுத்தினார். வகுப்பிலே எல்லோரும் மௌனமாக வாசிக்கவேண்டும். ஆசிரியரும் வாசிக்கவேண்டும் என்பது அவர் முறை. பின்னிய சொற்றொடருக்கே என் மனம் மிகவும் இசைகின்றது. பிள்ளைகளுக்கு "வாசியுங்கள்" என்று சொல்லிவிட்டு வரவுப் பதிவேட்டைப் புரட்டும் ஆசிரியரிடமிருந்து பிள்ளை கற்பது என்ன? வாசிப்பு என்பது பெரியவர்களுக்கு வேண்டாத ஒரு வேலை என்பதையே கற்கும்.

அமெரிக்காவின் ஜிம் ட்ரிலீஸ் பத்திரிகையிலே ஓவியம் வரைந்தும் எழுதியும் வாழ்ந்தவர்; ஆசிரியத் தொழில் செய்தவர் அல்லர். பிள்ளைகளுக்கு உரத்து வாசித்துக் காட்டுவதைப் பற்றி 1979 இல் தம் சொந்தப் பணத்திலே ஒரு சிறு நூலை அச்சிட்டார். பெரிய பதிப்பகமொன்று பின்பு அதனை ஏற்று வெளியிட, அது பெரும் புகழ் பெற்றது. அதன் யப்பானிய மொழிபெயர்ப்பு 1987 இல் வந்தது. சிபா மாகாணத்திலே பூனாபாஷி நகரில் ஒரு மகளிர் உயர்நிலைப் பாடசாலையிற் கற்பித்துக் கொண்டிருந்த ஹயாஷி ஹிரோஷி என்னும் ஆசிரியர் அதனை வாசித்தார். மௌன வாசிப்பைப் பற்றிய பகுதி அவர் மனத்தைப் பற்றிக்கொண்டது. மறு ஆண்டு, 1988 இலே, சக ஆசிரியர்களின் துணையோடு தம் பாடசாலையில் அதனைத் தொடங்கினார்.

அவர்கள் வகுத்த விதிகள் நான்கே. எல்லோரும் வாசிப்பது, நாள்தோறும் வாசிப்பது, விரும்பிய நூலை வாசிப்பது, வாசிப்பதோடு நிறுத்திக்கொள்வது. காலையிலே பாடங்கள் தொடங்குமுன் பத்து நிமிடம். கேள்வி இல்லை, குறிப்பெழுதுதல் இல்லை, புள்ளி இல்லை. நான்காவது விதியைக் கேட்டவுடன் நம் ஆசிரியர் பலர் தலையசைப்பர். வாசித்ததற்கு ஆதாரம் வேண்டாமா என்பர். ஆதாரம் கேட்கத் தொடங்கிய அன்றே அது இன்னொரு பாடமாகிவிடுகின்றது என்பது யப்பானிய ஆசிரியர் கண்ட அனுபவம். ஒரு பாடசாலையிலே தொடங்கிய இவ்வழக்கம் பின்பு 25,000 க்கும் மேற்பட்ட பாடசாலைகளுக்குப் பரவியது. அதனைக் கண்டு கொரியப் பாடசாலைகளும் காலை வாசிப்பைக் கைக்கொண்டன.

பீஜியின் செய்தியோ மேற்கே வந்தது. சிங்கப்பூர் 1985 இலே தன் கீழ் வகுப்புகளிற் பகிர்ந்து வாசித்தலையும் மௌன வாசிப்பையும் சேர்த்து ஒரு பெருந்திட்டத்தை ஆரம்பித்தது. பின்பு இலங்கை. 1990 களின் நடுப்பகுதியில், நம் நாட்டின் இருபது சிறு பாடசாலைகளிலே, நான்காம் ஐந்தாம் வகுப்பு மாணாக்கருக்கு ஆங்கிலக் கதை நூல்கள் வழங்கப்பட்டன. ஆசிரியருக்கு அவற்றைப் பகிர்ந்து வாசிக்கக் குறுகிய பயிற்சியும் அளிக்கப்பட்டது. நூல் பெறாத பாடசாலைகளோடு ஒப்பிட்டபோது, சில மாதங்களுக்குள்ளேயே இப்பிள்ளைகள் வெகுதூரம் முன்சென்றிருந்தனர். 2001 இல் சர்வதேசக் கல்வி ஆராய்ச்சி ஏடொன்றில் இதன் விவரம் வெளிவந்தது. பீஜியிலே கண்டது பீஜிக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு நம் கிராமத்துப் பிள்ளைகளும் சாட்சி கூறினர்.

இங்கே மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. 2000 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு, பழைய ஆராய்ச்சிகளையெல்லாம் ஆராய்ந்து, மௌன வாசிப்பு ஒன்றினாலேயே வாசிப்புத் திறன் உயரும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றது. பகிர்ந்து வாசித்தலின் பிறப்பிடமாகிய நியூசிலாந்தும், எழுத்தையும் ஓசையையும் முறையாகத் தொடர்புபடுத்திக் கற்பிக்கவேண்டும் என்று 2025 முதல் விதித்துள்ளது. எழுத்தறியாப் பிள்ளையிடம் 250 புத்தகங்களைக் குவித்தாலும் அது படம் பார்த்துக்கொண்டுதானிருக்கும். அகரம் முதல் எழுத்துக்களைக் கற்பிக்கும் நம் பழைய முறையைக் கைவிடவேண்டும் என்று எவரும் இதிலிருந்து முடிவு செய்யவேண்டாம். தமிழ்ப் பிள்ளைகளின் குறை வேறு. தமிழிலே எழுத்தைக் கண்டால் ஓசை பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆகவே பிள்ளை விரைவில் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்குகின்றது. "பிள்ளை வாசிக்கிறான்" என்று நாம் மகிழ்ந்து அங்கேயே விட்டுவிடுகின்றோம். எழுத்துக்கூட்டியவன் வாசகனாவதற்கு இடையே உள்ள தூரத்தை, பாடப் புத்தகமும் கடந்தகால வினாத்தாள்களும் மாத்திரம் கொண்டு நடந்து முடிக்க இயலாது.

இன்னுமொன்று. பீஜிப் பாடசாலைகளிலே நூல்கள் வகுப்பறையிலேயே, பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் இருந்தன. நம் பாடசாலைகள் பலவற்றிலே அவை அலுமாரிக்குள் இருக்கின்றன. அலுமாரிக்குப் பூட்டு, பூட்டின் திறவுகோல் ஓர் ஆசிரியரிடம், அவ்வாசிரியர் அன்று விடுமுறை. அவர்மேற் குற்றஞ் சுமத்துவது எளிது. ஆண்டிறுதியில் இருப்புக் கணக்கெடுக்க வருவோர், எத்தனை நூல்களைப் பிள்ளைகள் வாசித்தனர் என்று கேட்பதில்லை; எத்தனை நூல்கள் குறைகின்றன என்றே கேட்கின்றனர். பக்கங் கிழிந்து, அட்டை தேய்ந்து, எண்ணெய்க் கறையேறிய புத்தகம் நல்ல பணி செய்த புத்தகம் என்று பதிவேட்டிலே எழுத ஒரு நிரல் இருந்தால் பூட்டுக்கள் தாமாகவே திறந்துகொள்ளும். ஊர்தோறும் வாசிகசாலை அமைத்து, திண்ணையிலே பத்திரிகையைப் பிரித்துப் பங்கிட்டு வாசித்த மக்களுக்கு நூலைப் பகிர்வது புதுமையுமன்று.

"நூல்கள் எங்கே? தமிழிலே பிள்ளைகளுக்கேற்ற நல்ல கதைப் புத்தகம் வகுப்புக்கு 250 வேண்டுமாயின் எங்கே செல்வது?" என்று ஆசிரியர் கேட்பது முறையான கேள்வியே. இதற்கு நியுவேயும் ஓக்லாந்தும் ஏற்கெனவே விடை கூறியுள்ளன. டி ஆத் கதைகள் அச்சாகி வரும்வரை காத்திருக்கவில்லை. சிங்கப்பூர்த் திட்டத்திலோ கதைகளிற் சிலவற்றைப் பிள்ளைகளே ஆக்கினர். வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒன்றைச் செய்துபார்க்கும். சந்தைக்குச் செல்லலாம், விதை நட்டுப் பார்க்கலாம். திரும்பி வந்து பிள்ளைகள் கண்டதைத் தம் வாயாற் சொல்லச் சொல்ல, ஆசிரியை பெரிய தாளில் எழுதுவார். சொன்னவர்களே அதனை வாசிப்பர். தாம் சொன்ன சொல்லாதலால் அதிலே விளங்காத சொல் ஒன்றும் இராது.

இதற்கு வேண்டிய பொருள்களைக் கடையிலே அரைமணி நேரத்தில் வாங்கிவிடலாம். நான்கைந்து பெரிய கடதாசித் தாள்கள், தடித்த முனையுள்ள மைப்பேனை இரண்டு, படம் வரைய நிறக்கட்டிகள், தாள்களைச் சேர்த்துத் தைக்க ஊசியும் நூலும், அட்டைக்குப் பழைய பெட்டி ஒன்று. ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று வரிக்கு மேல் எழுதலாகாது. எழுதி முடித்ததும் ஆசிரியை அறையின் கடைசி வாங்கிலே சென்றமர்ந்து பார்க்கவேண்டும். அங்கிருந்து எழுத்துத் தெரியாவிட்டால் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு இன்னொன்றிலே பெரிதாக எழுதவேண்டும். தைத்து முடித்தபின் அட்டையிலே கதையின் பெயரும், அதன் கீழ் அவ்வகுப்புப் பிள்ளைகள் எல்லோருடைய பெயர்களும் வரும். அடுத்த ஆண்டு கீழ் வகுப்பிலிருந்து வரும் தம்பி தங்கையர் அதனை எடுத்து, முதலில் அண்ணனின் பெயர் எங்கே இருக்கின்றது என்று தேடுவர்.